பங்கீட்டுக் காலத்து அடுக்களை

விழா மலருக்கு ஒரு கட்டுரை தருக என மலர்க்குழுவினர் கேட்டபோது, தமிழாசிரியராகிய நாம் சங்கச் செய்யுள் ஒன்றையோ இலக்கணச் சிக்கல் ஒன்றையோ ஆராய்ந்து எழுதுவோம் என்றே அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். நாமோ அடுக்களையை எழுத எடுத்துக்கொண்டோம். அரிசி அருகிய நாள்களிலே இவ்வூர்க் குடும்பங்கள் எவற்றை உண்டு உயிர் தாங்கின, அவற்றை எவ்வாறு சமைத்தன என்பதே இங்கு விளக்கப் புகுந்த பொருள். பழைய மாணவருட் பலர் இதனைத் தம் நாவினாலே அறிந்தவர். இன்றைய மாணவர் செவியினாலும் அறியார். ஆதலின் இஃது இம்மலரிலே இடம்பெறுதல் தகும் எனக் கருதினோம்.

இரண்டாம் உலகப்போருக்கு முன்னர் இலங்கை தன் சோற்றுக்குப் பிறநாடுகளையே பெரிதும் நம்பியிருந்தது. உண்ணும் அரிசியிற் பெரும்பகுதி கப்பலில் வந்தது. அதனுள்ளும் மிகுதி பர்மாவிலிருந்து வந்தது. 1942 மார்ச்சு மாதத்திலே இரங்கூன் யப்பானியர் கையில் வீழ்ந்தது. அடுத்த மாதம் 5ஆந் தேதி கொழும்பிலும் 9ஆந் தேதி திருகோணமலையிலும் குண்டுகள் விழுந்தன. குண்டுக்கு அஞ்சிப் பதுங்குகுழி வெட்டியோர் பலர். ஆயினும் நாட்டை நாள்தோறும் வருத்தியது பர்மா அரிசி வாராமையே. அவ்வாண்டிலேயே அரிசி பங்கீட்டுக்குள் வந்தது. ஒவ்வொருவருக்கும் பங்கீட்டுப் புத்தகம் கொடுக்கப்பட்டது. மக்கள் அதனைக் 'கூப்பன்' என்றனர். கூப்பனுக்கு அரிசி கொடுப்பதற்கெனக் கூட்டுறவுப் பண்டசாலைகள் ஊர்தோறும் பெருகின. 'சங்கக்கடை' என நம் மக்கள் இன்றும் வழங்கும் பெயர் அந்நாள்களின் நினைவைச் சுமந்து நிற்பதாகும்.

பர்மாவை இழந்தது இலங்கை மாத்திரமன்று. அடுத்த ஆண்டு, 1943இலே, வங்காளத்திற் பஞ்சம் புகுந்தது. அங்கு மாண்டோர் தொகையை முப்பது இலட்சம் அளவினதாகப் பலர் மதிப்பிடுவர். பொருளியலறிஞர் அமார்த்தியா சென் 1981இல் வெளியிட்ட தம் நூலிலே, வங்காளத்தில் உணவு முற்றாக இல்லாது போகவில்லை, அதனை வாங்கும் ஆற்றலே ஏழைகளிடம் இல்லாது போயிற்று எனக் காட்டினார். இதனை நோக்கும்போது, கூப்பன் என்னும் அச்சிறு காகிதத்தின் அருமை விளங்கும். அளவு சிறிதாயினும் ஒரு குறிப்பிட்ட விலைக்குக் கிடைக்கும் என்னும் உறுதி அதனாற் கிடைத்தது. அவ்வுறுதி அசைந்தபோது இந்நாட்டில் நிகழ்ந்ததையும் பழைய மாணவர் அறிவர். 1953இலே கூப்பன் அரிசி கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட, ஆகத்து 12ஆந் தேதி நாடெங்கும் கர்த்தால் நிகழ்ந்தது. ஈற்றிலே பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார்.

போர்க்காலத்து அடுக்களையை நாம் எமது அம்மம்மாவின் வாயிலாகவே அறிந்தோம். 1942இலே அவருக்கு வயது பதினான்கு. கூப்பன் அரிசி வாரத்தின் பாதிக்கும் போதாது என்பார். அதுகாறும் பாண் என்பது காய்ச்சற்காரருக்குக் கொடுக்கும் பண்டமாகவே அவர் வீட்டில் இருந்ததாம். அரிசிக்கு ஈடாகக் கோதுமை மாவும் ஆட்டாவும் சங்கக்கடைக்கு வந்தபோது, அவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அறியாது பெண்கள் திகைத்தனராம். பிசைந்தாற் பசைபோல ஒட்டியது. நீத்துப்பெட்டியில் இட்டால் ஒரே கட்டியாகிக் கிடந்தது.

அத்திகைப்பிலிருந்து பிறந்ததே அவித்த மாப் பிட்டு. அதன் செய்கை பின்வருமாறு: கோதுமை மாவைத் துணியிலே தளர முடிந்து, அரை மணி தொடக்கம் முக்கால் மணி நேரம்வரை ஆவியில் அவிக்க வேண்டும். சூடு ஆறுமுன் உதிர்த்து அரித்தெடுக்க வேண்டும். பின்னர் உப்பிட்ட வெந்நீரைச் சிறிது சிறிதாகத் தெளித்துக் குழைத்து, சுண்டின் விளிம்பாலே கொத்தினால் அரிசிமாப் பிட்டுப் போன்றே குறுணி குறுணியாக வரும். தேங்காய்ப்பூத் தூவி மீண்டும் அவித்து இறக்குவர். இதன் நுட்பம் யாதெனின், கோதுமையில் உள்ள புரதம் நீரோடு சேர்ந்து பிசையும்போது இழுபடும் பசையாகின்றது. முன்னரே ஆவியின் வெப்பம் பட்டுவிட்டால் அப்பசைத் தன்மை கெடுகின்றது. எந்த ஆய்வுகூடத்தையும் காணாத நம் மூதாட்டியர் இதனைக் கைப்பழக்கத்தாற் கண்டுபிடித்தனர். அவருள் முதலிற் கண்டவர் யாரென்று எவரும் எழுதி வைத்திலர்.

இங்கு ஓர் ஒப்பீடு கூறுவாம். அதே காலத்தில் இங்கிலாந்திலும் பங்கீடு நடந்தது. 1940 சனவரி 8ஆந் தேதி தொடங்கிய அப்பங்கீடு 1954 யூலை 4ஆந் தேதிதான் முற்றாக நீங்கிற்று. அந்நாட்டு உணவமைச்சு சமையற்குறிப்புகளைத் துண்டுப்பிரசுரங்களாக அச்சிட்டு வீடுதோறும் பரப்பிற்று. உணவமைச்சராயிருந்த வூல்ற்றன் பிரபுவின் பெயராலே கிழங்குகளும் மரக்கறிகளும் கொண்ட ஒரு பணியாரமும் வழங்கிற்று. அதனை ஆக்கியவர் இலண்டனிலுள்ள சவோய் என்னும் பெரிய விடுதியின் தலைமைச் சமையலாளர். எரிபொருளை மீதப்படுத்த வைக்கோற் பெட்டிச் சமையலையும் அங்குக் கற்பித்தனர். கொதித்த பானையை வைக்கோல் நிறைந்த பெட்டியுள் இறுகப் புதைத்து வைத்தால், உள்ளிருக்கும் சூட்டிலேயே எஞ்சிய வேக்காடு முடியும். அங்கே இவையெல்லாம் அச்சேறின. நம்மவர் குறிப்புகளோ தாயின் கையிலிருந்து மகளின் கைக்குச் சென்றனவே அன்றி ஏடேறவில்லை. இக்கட்டுரை எழுதத் துணிந்தமைக்கு அதுவும் ஒரு காரணம்.

இனி, கொழும்புத்துறைக்கு இயற்கை தந்த இரண்டு களஞ்சியங்களைச் சொல்லவேண்டும். ஒன்று தெற்கே கிடக்கும் கடனீரேரி, மற்றொன்று பனை. அயலிலே அரியாலை வயல்கள் உண்டாயினும் அவை மழையை நம்பி ஒருபோகம் விளைவன. மொட்டைக்கறுப்பன் நெல் கோர்க்கையில் நிறைந்த வீடுகளுக்குக் கூப்பன் பெருங்கவலை தரவில்லை. நிலமற்ற வீடுகளைக் காத்தவை பனங்கிழங்கும் சிறுமீனுமே.

பனம்விதையைப் பாத்தியிலே அடுக்கி மண்மூடி வைத்தால், தை மாசி அளவிற் கிழங்கு கிளறலாம். கிழங்கை அவித்து உண்ணலாம். அவித்துக் காயவைத்தாற் புழுக்கொடியல். பச்சையாகப் பிளந்து வெயிலில் உலர்த்தினால் ஒடியல். நன்கு காய்ந்த ஒடியல் அடுத்த கிழங்குக் காலம்வரை கெடாது. போர்க்காலத்து வீட்டுக்கு இதனினும் சிறந்த சேமிப்பு வேறில்லை. ஒடியல் மாவிற் கைப்பு உண்டு. மாவை நீரிலே நெடுநேரம் ஊறவிட்டு, நீரை மாற்றி, துணியிற் பிழிந்தெடுத்தே பயன்படுத்துதல் வேண்டும். அவசரப்பட்டு இதனைக் குறைப்பவர் வீட்டிற் பிள்ளைகள் முகம் சுளிப்பது திண்ணம்.

ஒடியற் பிட்டின் சிக்கனம் எங்கே உள்ளதெனில், அதற்குக் கறி தனியே வேண்டியதில்லை. ஐவர் கொண்ட குடும்பத்துக்குப் பிழிந்த ஒடியல் மா இரண்டு சுண்டு, அரிசிமா அரைச் சுண்டு, பாதித் தேங்காயின் பூ, ஒரு கைப்பிடி கீரை, இரண்டு பச்சை மிளகாய், சிறிது சின்ன வெங்காயம், கழுவிய சிற்றிறால் ஒரு கைப்பிடி, உப்பு என்பன போதும். அனைத்தையும் ஒன்றாகக் கலந்து நீத்துப்பெட்டியிலே அவித்தால் உணவும் கறியும் ஒருங்கே முடியும். ஓர் அடுப்பு, ஒரு பானை, ஒரு நேர விறகு. சந்தையில் விலைபோகாத பொடியிறாலும் நெத்தலியும் இங்கே உயர்ந்த சுவை பெறுகின்றன. மீன் உண்ணாத வீட்டார் பயற்றையும் முருங்கையிலையையும் சேர்ப்பர்.

கூழோ இன்னும் தாராளமானது. கைப்பிடி அரிசி, பயிற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளித் துண்டுகள், கீரை, மீன்தலை, கால் முறிந்த நண்டு ஆகிய யாவும் ஒரு பானையில் வேகும். பின்னர் அரைத்த செத்தல் மிளகாயும் புளியும் ஒடியல் மாக் கரைசலும் சேரும். எதிர்பாராத விருந்தினர் இருவர் வந்துவிட்டால் ஒரு செம்பு நீரும் ஒரு கை மாவும் கூடுதலாகச் சேரும். பலாவிலையையோ பிளாவையோ கையிற் கொடுத்து அமர்த்திவிடலாம். இன்று கூழ் விடுமுறை நாள்களின் கொண்டாட்டமாகிவிட்டது. பெரிய நண்டும் பெரிய இறாலும் இட்டு அதற்குச் செலவழிக்கும் பணத்திலே அக்காலத்துக் குடும்பம் ஒரு கிழமை உண்டிருக்கும். குறை கூறவில்லை, நாமும் அழைத்தாற் போகின்றோம்.

மரவள்ளியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அக்கிழங்கிலே நஞ்சாக மாறும் பொருளொன்று இயல்பாகவே உண்டு. தோலும் நடுநாரும் நீக்கி, துண்டாக்கிக் கழுவி, நீர் நிறைய விட்டு, பானையை மூடாது அவித்து, அந்நீரை வடித்து ஊற்றிவிட வேண்டும். கிளறிய கிழங்கை நாட்கணக்கில் வைத்திருத்தலும் ஆகாது. மரவள்ளியோடு இஞ்சி சேர்க்கலாகாது என முதியோர் கூறுவர். அவ்வழக்கத்தைக் காப்பவர் காக்க. ஆயின் இஞ்சியைத் தவிர்த்துவிட்டு மூடிபோட்டு அவிப்பவர் பயனடையார்.

சோற்றிலும் சிக்கனம் பல உள. குறுணலைக் கஞ்சியாக்குவர். முதல்நாட் சோற்றிலே நீருற்றி வைத்து, காலையிற் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் தேசிக்காய்ப் புளியும் சேர்த்துப் பழஞ்சோற்றுத் தண்ணீராகக் குடிப்பர். எஞ்சிய கறிகளையும் சோற்றையும் ஒரே சட்டியிற் பிசைந்து தாய் குழையலாக உருட்டிக் கையிலே வைக்க, பிள்ளைகள் சுற்றியிருந்து உண்பர். சட்டியிலே எவ்வளவு உண்டென்று எவருக்கும் தெரியாது. தாய் ஒருத்திக்கே தெரியும். நெல்லைப் புழுக்கிக் குற்றும் நம்மவர் வழக்கமும் இங்கு நினைக்கத்தக்கது. புழுக்கும்போது தவிட்டிலுள்ள உயிர்ச்சத்து அரிசியின் உள்ளே சுவறுகின்றது. ஆதலின் தீட்டிய பச்சையரிசியை மாத்திரம் உண்டோரை வாட்டிய 'பெரிபெரி' நோய்க்கு இது காப்பாயிற்று. குரக்கனிலே சுண்ணாம்புச்சத்து அரிசியினும் பன்மடங்கு உண்டு. முருங்கையிலையைத் தேங்காய்ப்பூவோடு வறையாக்கும்போது, அவ்விலையின் உயிர்ச்சத்தை உடல் ஏற்பதற்குத் தேங்காயின் கொழுப்புத் துணையாகின்றது. ஏழையின் தட்டிலே இருந்த குரக்கன் பிட்டும் முருங்கையிலை வறையும் தவிடு நீங்கிய வெள்ளைச் சோற்றைவிட உரம் மிக்கன.

தேநீருக்குச் சீனி கரைப்பது ஊதாரித்தனம் என்பது அம்மம்மாவின் கொள்கை. குட்டானிலிருந்து பனங்கட்டியை உடைத்து, ஒரு துண்டைக் கடித்து, வெறுந்தேநீரை உறிஞ்ச வேண்டும். ஒரு துண்டிற்கு ஒரு பேணி தேநீர் என்பது கணக்கு. விறகுக்குக் கங்குமட்டை, பன்னாடை, பாளை, சிரட்டை. கிழங்கு எடுத்தபின் எஞ்சும் ஊமலையும் வீசார்.

1970க்குப் பின்னர் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது பாணுக்கு வரிசைகள் நீண்டன. மாவட்டம் விட்டு மாவட்டம் அரிசி கொண்டுசெல்லத் தடைகள் இருந்தன. ஆயினும் மிளகாயும் வெங்காயமும் பயிரிட்ட நம் கமக்காரர் கை நிறைந்த காலமும் அதுவே. அதனை விரிக்காது எமது காலத்துக்கு வருவாம்.

1990இல் மீண்டும் போர் மூண்டபின் வடக்கே பொருளாதாரத் தடை இறங்கியது. அரசு கப்பலில் அனுப்பிய நிவாரண அரிசி சங்கக்கடைக்கு வரும், வராமலும் போகும். மண்ணெண்ணெய் விலை பன்மடங்காயிற்று. மின்சாரம் இல்லை. யாம்போத்தலினுள் சிறிது எண்ணெயும் பஞ்சும் இட்ட விளக்கின் முன்னிருந்தே நாம் படித்தோம். கடற்றொழிலுக்குத் தடைகள் இருந்தமையாற் கடனீரேரி கண்முன்னே கிடந்தும் மீன் அருமையாயிற்று. சவர்க்காரம் இல்லாத வீடுகளிற் பனம்பழச் சாற்றாலே துணி துவைத்தனர். அப்பொழுது அம்மம்மா தம் பதினான்காம் வயதின் அடுக்களையை அப்படியே எடுத்து எமது அன்னையார் கையிற் கொடுத்தார். ஐம்பதாண்டாகத் தேவைப்படாத குறிப்புகள் ஒன்றேனும் மறக்கப்படாது இருந்தன.

எமக்கு அப்பொழுது வயது பன்னிரண்டு இருக்கும். தொடர்ந்து நான்காம் நாளும் ஒடியற் பிட்டு வந்தது. இது மாடு தின்னும் பண்டம் எனச் சொல்லித் தட்டைத் தள்ளிவிட்டோம். அன்னையார் சினந்திலர். அடுக்களையுட் போய், எங்கோ ஒளித்து வைத்திருந்த பாண் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். நீங்கள் உண்ணவில்லையா என்று கேட்டதற்கு, "எனக்குப் பசிக்கேல்லை மோனை, நீ சாப்பிடு" என்றார். அவ்வளவிலே அதனை நம்பினோம். தள்ளிய தட்டு என்னாயிற்று என்பதை அன்று நினைத்தும் பார்த்திலோம். 1995 ஒற்றோபர் 30ஆந் தேதி இரவு ஊரே பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தபோது, அவர் தலையிற் சுமந்த பொதியிலே இருந்தவை ஓர் ஒடியல் மாப் பையும் நீத்துப்பெட்டியும். அங்கே மாமரத்தின் கீழ் மூன்று கல் வைத்து அவித்த பிட்டை நாம் மறுபேச்சின்றி உண்டோம்.

பங்கீட்டுக் கால உணவைப் புகழ்வோர் இந்நாள்களிற் பலர். உடலுக்கு நல்லது, இயற்கையானது, சிக்கனமானது என்பர். அவை உண்மையே, நாமும் மேலே அவ்வாறே எழுதினோம். ஆயினும் புகழ்வோர் பெரும்பாலும் உண்டவரே அன்றிச் சமைத்தவர் அல்லர். ஒடியல் இடிப்பதும், மா அரிப்பதும், புகையுள் இருந்து ஊதுவதும், சங்கக்கடை வரிசையிலே பிள்ளையை இடுப்பில் வைத்து நிற்பதும், இறுதியிற் சட்டியை வழித்து உண்பதும் யார் செய்தனர் என்பதையும் சேர்த்து எழுதினாலன்றிக் கணக்கு நேராகாது. மீதமான அரிசியிலே ஒரு பங்கு அவர்கள் உண்ணாது விட்டது.

2006 ஆகத்து 11ஆந் தேதி கண்டி வீதி மூடப்பட்டபோது மீண்டும் குடும்ப அட்டையும் வரிசையும் வந்தன. அதன்பின், போர் முடிந்து இனி இல்லை என்றிருந்த வேளையிலே, 2022 வந்தது. நாடு கடன் செலுத்த இயலாது நின்றது. எரிவாயு இல்லை, முந்திய ஆண்டில் இரசாயன உரத்தை நிறுத்தியதால் விளைவும் குன்றியிருந்தது. செத்தெம்பரில் உணவுப் பொருள்களின் விலை ஓராண்டுக்கு முன்னிருந்ததைவிட நூற்றுக்கு 94.9 வீதம் உயர்ந்ததாகக் கொழும்பு விலைச்சுட்டெண் காட்டிற்று. ஆகத்து மாதத்தில் மண்ணெண்ணெய் இலீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாயிற்று. வள்ளத்து இயந்திரத்துக்கு அவ்வெண்ணெயையே நம்பியிருந்த கடற்றொழிலாளர் வீடுகளிலே அடுப்பு எரிவது குறைந்தது.

அந்நாள்களில் ஒரு காலை, வகுப்பிலே செய்யுள் ஒப்புவிக்குமாறு ஒரு மாணவனை எழுப்பினோம். அவன் எழுந்து மேசையைப் பற்றிக்கொண்டு வாளா நின்றான். படிக்காத சோம்பலெனக் கருதிக் கடுஞ்சொற் கூறினோம். இடைவேளையில் அவன் தோழன் வந்து, அவன் முதல்நாள் மதியத்துக்குப்பின் வெறுந்தேநீரே குடித்தான் என்றான். ஆசிரிய கலாசாலையிலே, மாணவனின் பசியையும் கண்ணொளியையும் செவிப்புலனையும் நோக்கியபின்னரே அவன் அறிவை மதிப்பிடுக எனப் படித்துத் தேர்வெழுதியவர் நாம். அப்பாடம் அன்று எங்கே போயிற்று என்பதற்கு எம்மிடம் விடையில்லை. அவனிடம் வருத்தம் தெரிவித்தோம். அவன் நாணித் தலைகுனிந்தான். அதனால் எமக்குப் பின்னும் வருத்தமாயிற்று.

ஆசிரியர் சிலர் கூடி, வகுப்பு மாணவரோடு அயல்வகுப்பினரையும் சேர்த்து அறுபதின்மருக்குக் காலையிற் கஞ்சி கொடுப்பதென முடிவு செய்தோம். அளவை இங்கே தருகின்றோம். வேறு பாடசாலையினர்க்கும் பயன்படும். அரிசி நான்கு கொத்து, வறுத்துடைத்த பயறு ஒரு கொத்து, தேங்காய் ஆறு, முருங்கையிலையும் வல்லாரையும் கிடைத்த அளவு, சின்ன வெங்காயம், சிறிது மிளகும் சீரகமும், உப்பு. ஒரு கொத்தென்பது ஏறக்குறைய இரண்டு இறாத்தல். பயற்றைச் சேர்ப்பது சுவைக்கு மாத்திரமன்று; அரிசியிற் குறையும் புரதக்கூறு பயற்றில் உண்டு, பயற்றிற் குறைவது அரிசியில் உண்டு. அரிசியும் பயறும் நன்றாகக் குழைந்தபின் இரண்டாம் பாலை விட்டுக் கொதிக்கவைத்து, அரிந்த இலையை ஈற்றிலே இட்டு, ஒரு கொதியோடு முதற்பாலை விட்டு இறக்க வேண்டும். இலையை முன்னரே இட்டால் நிறமும் சத்தும் கெடும். பிழிந்த தேங்காய்ப்பூவை வீசாது, செத்தல் மிளகாயோடு இடித்துச் சம்பலாக்கினோம். விறகு மாணவர் வீட்டுப் பனைகளிலிருந்து வந்தது. கஞ்சி காய்ச்ச அயலிலுள்ள ஓர் அம்மையார் முன்வந்தார்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, எமது அன்னையார் முருங்கையிலைக் கட்டோடு பாடசாலைக்கு வந்தார். வரிசையாகப் பிள்ளைகள் குடிப்பதை ஓரமாக நின்று பார்த்தார். ஒடியற் பிட்டுத் தட்டைத் தள்ளிய மகன் அகப்பை பிடித்து நிற்பதைக் கண்டு ஏதேனும் சொல்வார் என எதிர்பார்த்தோம். அவர் பானைக்குள் எட்டிப் பார்த்தார். அடியிலே ஒட்டியிருந்ததைத் தவிர ஒன்றும் இல்லை.

"காய்ச்சினவ குடிச்சவவோ?" என்று கேட்டார்.

நாம் ஒருவரும் அதனைக் கவனித்திலோம். அம்மையாரும் தமக்குப் பசியில்லை என்றே சொன்னார். மறுநாள் தொடக்கம், பிள்ளைகளுக்கு ஊற்றுமுன் ஒரு பேணி நிறைய எடுத்து மூடி வைத்தோம். கணக்குப் புத்தகத்திலும் அறுபது என்பதை வெட்டி அறுபத்தொன்று என்று எழுதினோம்.